முப்பத்தோராம் நாள் புத்தகம்

போன மாதம் நம்மவர் வீட்டுக் கலியாணத்தில், பந்தி முடிந்த பிறகு நாமெல்லாம் ஒரு மூலையில் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு மெட்ராஸ் வந்த புதிதில் நடந்த கதைகளைப் பேசினோமே, ஞாபகம் இருக்கிறதா? தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்து இடம் பிடித்தது, பள்ளிக்கூடத்தில் நம் பேச்சைக் கேட்டுவிட்டு "நீங்க கேரளாவா?" என்று கேட்டது, எல்லாவற்றுக்கும் சிரித்தோம். ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயதில் எது நடந்திருந்தாலும் சிரிப்பாகத்தான் இருக்கிறது. நடுவில் உங்களில் ஒருத்தி என்னைப் பார்த்து, "உங்கட வீட்டில ஒரு பிரச்சினையும் வரேல்லை, என்ன? நல்ல வீட்டுக்காரர் வாய்ச்சவை" என்றாள். ஓம் என்று தலையாட்டிவிட்டுப் பாயசத்தைக் குடித்தேன். அன்றைக்கு உங்களுக்குச் சொல்லாததை இப்போது எழுதுகிறேன்.

தொண்ணூறில் யாழ்ப்பாணத்தில் சண்டை திரும்பத் தொடங்கியபோது படகேறி வந்தவர்கள் நாங்கள். அப்பா, அம்மா, நான், தம்பி. அண்ணன் வரவில்லை. படகுக்குப் புறப்படுவதற்கு முதல் நாள் காலை சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போனான். இயக்கத்தில் சேர்ந்துவிட்டான் என்று மத்தியானம் யாரோ வந்து சொன்னார்கள். அவனுக்குப் பதினேழு வயது, எனக்குப் பத்து. மறுநாள் அம்மா படகில் ஏறமாட்டேன் என்று கரை மணலில் உட்கார்ந்துவிட்டார். அப்பா அவரைத் தூக்கித்தான் ஏற்றினார். அம்மாவின் ஒரு செருப்பு தண்ணீரில் விழுந்தது. மற்றச் செருப்பை அம்மா மெட்ராஸ்வரை கையில் கொண்டுவந்தார்.

அபிராமபுரத்தில் ஒரு மாடிப் பகுதி வாடகைக்குக் கிடைத்தது. கீழே வீட்டுக்காரர் மாமாவும் மாமியும். மாமா அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். தெருவிளக்கு எரியவில்லை என்றாலும் பத்திரிகைக்குக் கடிதம் எழுதிவிடுவார். அந்த ஒரு காரணத்துக்காகவே அப்பாவுக்கு அவரிடம் பயம். எதையும் கவனிக்கிற மனிதர், எதையும் எழுதி அனுப்பக்கூடியவர் என்று சொல்வார். அப்பா ஊரில் பள்ளிக்கூட வாத்தியார். இங்கே அவருக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. கனடாவிலிருந்து அம்மாவின் தம்பி அனுப்பும் பணத்தில் நாங்கள் சாப்பிட, அப்பா காலையிலிருந்து மாலைவரை பேப்பரை வரிவரியாகப் படித்துப் பயப்படுவார்.

வீடு கேட்கப் போனபோது நாங்கள் சைவம் என்று அப்பா சொல்லிவிட்டார். எந்தக் கடவுளைக் கும்பிடுகிறோம் என்பதில் அது உண்மை, சாப்பாட்டில் பொய். மீன் இல்லாமல் தம்பி சோற்றைக் கிளறிக்கொண்டே இருப்பான். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் பாலவாக்கத்திலிருந்த பெரியம்மா வீட்டுக்கு பஸ் ஏறுவோம். கடலிலிருந்து நேரே வந்த மீனில் புளியும் வறுத்த மிளகாய்த்தூளும் போட்டுப் பெரியம்மா குழம்பு வைப்பார். சாப்பிட்டு முடித்ததும் அம்மா எங்கள் கைகளைச் சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவி, மாற்றுச் சட்டை போட்டுவிட்டு, முகர்ந்தும் பார்ப்பார். வீட்டுக்குள் நுழையும்போது மாமி முற்றத்தில் நின்றால் நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு மாடியேறுவோம். மூச்சைப் பிடித்தால் வாசம் போகாது என்பது எங்கள் நம்பிக்கை.

இதெல்லாம் சிரிக்கிற பொய். இன்னொரு பொய்யும் இருந்தது. முன்னாள் பிரதமர் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்ட அந்த மே மாதத்துக்குப் பிறகு நம் ஆட்களுக்கு யாரும் வீடு தர மறுத்ததும், எல்லாரும் போலீஸ் ஸ்டேஷனில் போய்ப் பதிந்துகொண்டதும் உங்களுக்குத் தெரியும். அப்பா பதிந்த தாளில் பிள்ளைகள் இரண்டு. மூத்த மகன் எங்கே என்ற கேள்விக்கு அவரிடம் சொல்லக்கூடிய பதில் இல்லை. வீட்டுக்கு வந்ததும் எங்கள் இரண்டு பேரையும் முன்னால் நிறுத்தி, "ஆர் கேட்டாலும் நீங்கள் ரெண்டு பேர்தான். விளங்கினதோ?" என்றார். தம்பி உடனே சரி என்றான். அம்மா குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் கொஞ்ச நேரம் நின்று, பிறகு தொடங்கியது.

அடுத்த தெருவில் என் வகுப்புத் தோழி இருந்தாள், நம்மூர்ப் பிள்ளைதான். ஒரு நாள் அவளுடைய அப்பாவை விசாரிக்கவென்று கூட்டிக்கொண்டு போனார்கள். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அவர்கள் வீட்டுச் சாமான்கள் ரோட்டில் கிடந்தன. பாய், மண்ணெண்ணெய் அடுப்பு, அவளுடைய புத்தகப் பை. பையின் மேல் அவள் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டும் காணாதவள்போலத் திரும்பிக்கொண்டாள். அவளிடம் இரவல் வாங்கிய கவராயம் என் ஜியோமெட்ரி பாக்ஸில் இருந்தது. எடுத்துக் கொடுத்திருக்கலாம். நான் மற்றப் பக்கத்து நடைபாதையில் ஏறி வேகமாக வீட்டுக்கு வந்துவிட்டேன். அவளை அதற்குப் பிறகு எங்கேயும் பார்க்கவில்லை.

தொண்ணூற்றிரண்டில் அப்பாவின் அப்பா, எங்கள் அப்பப்பா, ஊரில் செத்துப்போனார். கொழும்புக்கு வந்த யாரோ போட்ட கடிதம் எங்கள் கைக்குக் கிடைத்தபோது பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. சித்தப்பா கொள்ளி வைத்திருந்தார். மூத்த மகன் அப்பா, அபிராமபுரத்து மாடியில் ஒரு தலைமுழுக்கோடு எல்லாவற்றையும் முடித்துக்கொண்டார். துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீர் சொட்டச் சொட்ட அவர் நின்றது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

இரண்டு நாள் கழித்து அவருக்கு ஒரு எண்ணம் வந்தது. நம் ஆட்களின் வழக்கம் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ஆனால் உங்கள் பிள்ளைகள் படித்தால் விளங்க வேண்டுமே. செத்தவீடு நடந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்து, வந்தவர்களுக்குச் சாப்பாடு கொடுத்து, கையில் ஒரு சின்னப் புத்தகமும் கொடுத்து அனுப்புவோம். கல்வெட்டு என்று அதற்குப் பெயர். இறந்தவரின் படம், வாழ்க்கை வரலாறு, சில தேவாரங்கள், கடைசியில் குடும்பத்தார் பெயர்கள். பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அவரவர் இருக்கும் ஊர். அந்தக் கடைசிப் பக்கத்தைத்தான் எல்லாரும் முதலில் திருப்புவார்கள்.

"ஊரில பேப்பர் இல்லை. பத்திரிகையையே கொப்பித் தாளில அடிக்கிறாங்கள். ஐயாவின்ர கல்வெட்டை நான் இஞ்ச அடிச்சு அனுப்புவன்," என்றார் அப்பா. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர் பேப்பர் படிப்பதை விட்டுவிட்டு எழுத உட்கார்ந்தார். அப்பப்பா தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தது, வாசிகசாலை கட்டக் காணி கொடுத்தது எல்லாவற்றையும் எழுதி எழுதி அடித்துத் திருத்தினார். தகப்பனுக்குத் தான் செய்யக்கூடியது அது ஒன்றுதான் என்று அவர் நினைத்தது அந்த வயதிலேயே எனக்குத் தெரிந்தது.

கடைசிப் பக்கம் எழுதும்போது அம்மா வந்து நின்றார்.

"பேரப்பிள்ளையளில மூத்தவன்ர பேர் முதல் வரவேணும்."

"போடேலாது."

"ஏன்?"

"ஸ்டேஷனில குடுத்த தாளில ரெண்டு பிள்ளை, புத்தகத்தில மூண்டு பிள்ளை. ஆரும் எடுத்துப் பாத்தால் நான் என்ன சொல்லுறது?"

"ஆர் பாக்கப் போயினம்?"

"நூறு புத்தகம் அடிக்கிறம். கீழ மாமாவுக்குக் குடுக்காமல் விடேலுமே? அந்தாள் முற்றுப்புள்ளிவரைக்கும் வாசிக்கும்."

"இஞ்சாருங்கோ, அவன் உங்கட ஐயாவின்ர முதல் பேரன்."

"அது எனக்குத் தெரியாதே?"

 அப்பா என் பெயரையும் தம்பியின் பெயரையும் எழுதி, இரண்டுக்கும் பக்கத்தில் சென்னை என்று போட்டுத் தாளை மூடினார்.

அச்சகம் மந்தைவெளியில் ஒரு சந்துக்குள் இருந்தது. நம் ஆண்கள் தெருவில் அதிகம் நடமாடப் பயந்த நாட்கள் அவை. அதனால் பள்ளிக்கூடம் போகிற வழியில் தாள்களைக் கொடுப்பதும் வாங்குவதும் என் வேலையானது. அப்பா திருத்திய புரூஃபைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய காலையில் அம்மா எனக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தார். அப்பா குளிக்கப் போனதும் ஒரு துண்டுத் தாளை என் கைக்குள் வைத்தார். என் கொப்பியின் கடைசித் தாளில் கிழித்தது. அண்ணனின் பெயர், பக்கத்தில் அடைப்புக்குள் யாழ்ப்பாணம். அம்மாவின் எழுத்து எப்போதும் கோழி கிளறியதுபோல இருக்கும். அதில் மட்டும் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நின்றது.

"பிள்ளை, அந்த ஆளிட்ட இதையும் குடு. பேரப்பிள்ளையளில முதலாவதாப் போடச் சொல்லு. அப்பாட்டைச் சொல்லாதை."

சந்து முழுக்க மையும் மண்ணெண்ணெயும் கலந்து மணக்கும். அச்சகக்காரர் பனியனோடு, விரல்களெல்லாம் கறுப்பாக நின்றார்.

"வா பாப்பா. உங்க நைனா வரலியா?"

"வரல."

"எல்லாம் கரீட்டா கீதா? நாளைக்கு மிஷின்ல ஏத்திடுவேன். அப்பால பேரு உட்டுப்போச்சு, ஊரு உட்டுப்போச்சுன்னு வந்து நிக்கக் கூடாது, இன்னா?"

நான் தலையாட்டினேன். துண்டுத் தாள் ஜியோமெட்ரி பாக்ஸில் கவராயத்துக்கு அடியில் இருந்தது. பாக்ஸைத் திறந்தும் விட்டேன். தோழி பையின் மேல் உட்கார்ந்திருந்தது கண்ணுக்கு வந்தது.

"வேற எதுனா சேக்கணுமா?"

"ஒண்ணும் இல்ல," என்றேன். மெட்ராஸ்காரி மாதிரியே சொன்னேன்.

பயத்தில் செய்தேன் என்றுதான் இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். பயம் இருந்தது உண்மை. ஆனால் உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டு அரைகுறையாக எழுதக் கூடாது. தீபாவளிக்கு அம்மா மூன்று பேருக்கு உடுப்பு எடுப்பார். அண்ணனின் சட்டைக்கு மட்டும் துணியைத் தடவித் தடவிப் பார்ப்பார். நானும் தம்பியும் முன்னால் நின்று சாப்பிட, அம்மா இல்லாதவனுக்காக அழுவார். பேரப்பிள்ளைகளில் முதல் பெயராக என் பெயர் அச்சில் இருந்தது. அதை இரண்டாவதாக்க எனக்கு மனம் வரவில்லை. பன்னிரண்டு வயதில் இவ்வளவு கெட்ட எண்ணம் வருமா என்று கேட்காதீர்கள். வந்தது.

மிஷினில் ஏற்றிய அன்று அப்பாவே ஆட்டோவில் போய், கூட நின்று அச்சடிப்பித்து, புத்தகக் கட்டை எடுத்து வந்தார். முப்பத்தோராம் நாள் பத்துப் பதினைந்து பேர் மாடியில் கூடினார்கள். வாழையிலை, பருப்பு, கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு, வடை. புத்தகத்தின் மட்டையில் அப்பப்பா சால்வையோடு இருந்தார். வந்தவர்கள் வாழ்க்கை வரலாற்றைப் படித்துவிட்டு அப்பாவைப் புகழ, அவர் முகத்தில் நான் நெடுநாள் காணாத ஒரு வெளிச்சம். அம்மா குசினி வாசலில் நின்று கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தார். திரும்பவும் மேலேயிருந்து வந்தார். பிறகு என்னை உள்ளே கூப்பிட்டார்.

"குடுத்தனியா?"

"குடுத்தனான்."

"உண்மையாக் குடுத்தனியா, பிள்ளை?"

"ஓம் அம்மா. அவர் வாங்கி வச்சவர்."

அம்மா வாசல் பக்கம் பார்த்தார். அங்கே அப்பா யாருக்கோ புத்தகத்தை இரண்டு கையாலும் கொடுத்துக்கொண்டிருந்தார். அச்சகத்தில் நின்று கட்டெடுத்து வந்தவர் அப்பாதான். அச்சகக்காரர் துண்டுத் தாளைக் காட்டியிருப்பார், அப்பா பெயரை வெட்டச் சொல்லியிருப்பார் என்று அம்மா முடிவு செய்தது அந்த நிமிஷம்தான். ஒளித்துச் செய்த வேலை என்பதால் அவர் அப்பாவிடம் கேட்கவும் இல்லை. புத்தகத்தை அரிசி வாளியின் மூடிமேல் வைத்துவிட்டு வடையைத் தட்டில் அடுக்கினார்.

அதற்குப் பிறகு அவர்கள் சண்டை பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் வெளியே வந்திருக்கும். அம்மா அப்பாவுக்குத் தேத்தண்ணி கொடுத்தார், சட்டை தோய்த்தார், கேட்டதற்குப் பதில் சொன்னார். இஞ்சாருங்கோ என்று கூப்பிடுவது மட்டும் நின்றுபோனது. ஏனென்று தெரியாமல் அப்பா சில நாள் அம்மாவின் பின்னாலேயே போய்ப் பார்த்தார். பெயர் போடாததற்குத்தான் கோபம் என்று நினைத்து, ஒருநாள், "எல்லாருக்கும் ஒரு இடம் வேணுமெண்டுதானே செய்தனான்," என்றார். அம்மா தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார்.

ஒரு வாரம் கழித்து நான் கீழே அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தபோது மாமி வந்தார், கையில் அந்தப் புத்தகத்தோடு.

"ஏண்டி கொழந்தே, ஒங்கப்பா ரொம்ப நன்னா எழுதியிருக்காராம், மாமா சொன்னார். ஆனா மூத்த பிள்ளை பேரை ஏன் விட்டுட்டேள்?"

நான் பம்பை இன்னும் வேகமாக அடித்தேன். "எந்தப் பிள்ளை மாமி? நாங்க ரெண்டு பேர்தான்."

"என்கிட்ட எதுக்குடி மறைக்கறே? மாசாமாசம் ஒங்கம்மாவோட கோயிலுக்குப் போயிண்டிருக்கேன். அர்ச்சனைக்கு மூணு பேர், மூணு நட்சத்திரம் சொல்றா. மொதல்ல சொல்றது அவன் பேர்தானே?"

"மாமாவுக்கு?"

"நீங்க வந்த ரெண்டாம் மாசமே தெரியும். பாலவாக்கத்துல என்ன சாப்டுட்டு வரேள்னும் தெரியும். நாங்க ஏதாவது கேட்டோமா?" மாமி குடத்தை எட்டிப் பார்த்தார். "ரொம்பிடுத்து பாரு, எடுத்துண்டு போ. தண்ணியை வீணாக்காதே."

அப்பா யாருக்குப் பயந்து அந்தப் பெயரை விட்டாரோ, அவர்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்தும் எங்களைத் தெருவில் விடவில்லை. மற்ற வீட்டுக்காரர்களைப் பார்த்து அப்பா இவர்களையும் அளந்துவிட்டார். குடத்தோடு மாடியேறும்போது அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் ஏறினேன். அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். எழுப்ப வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். அதே நினைப்பில் எத்தனையோ நாளைக்குகள் போய்விட்டன.

புத்தகங்கள் விமானத்தில் கொழும்புக்கும், அங்கேயிருந்து பஸ்ஸிலும் படகிலுமாக ஊருக்கும் போய்ச் சேரப் பல மாதம் ஆனது. அப்பப்பாவின் ஆட்டைத் திவசம், முதல் வருஷத் திவசம், முடிந்தபிறகு சித்தப்பாவின் கடிதம் வந்தது. அப்பா சத்தமாக வாசித்தார்: உங்கள் பெரியவன் திவசத்துக்கு வந்தான். மெலிந்துவிட்டான். கல்வெட்டைக் கொடுத்தேன். கடைசிப் பக்கத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என்னிடம் பேனை வாங்கித் தன் பெயரைத் தானே எழுதி, சாமித் தட்டில் வைத்துவிட்டுப் போனான். சாப்பிடச் சொன்னேன், பசிக்கவில்லை என்றுவிட்டான்.

கடைசி வரிகளை வாசித்துவிட்டு அப்பா கடிதத்தை மடித்தார். அம்மா கடிதத்தை வாங்கி அந்த இடத்தை மட்டும் தானும் ஒருமுறை வாசித்தார். "சாப்பிடாமல் போயிருக்கிறான்," என்றார். யாரையும் பார்க்காமல் சொன்னார். நான் எழும்பிப் போய் ஜியோமெட்ரி பாக்ஸைத் திறந்தேன். கவராயம் இருந்தது, துண்டுத் தாளும் இருந்தது. அன்றைக்காவது கொண்டுபோய்க் காட்டியிருக்கலாம். மூடி வைத்தேன்.

அதுதான் அண்ணனைப் பற்றி எங்களுக்கு வந்த கடைசிச் செய்தி. தொண்ணூற்றைந்தில் ஊரே இடம்பெயர்ந்தபோது சித்தப்பா வீட்டிலிருந்த அந்தப் புத்தகமும் போயிற்று. நாங்கள் மந்தைவெளிக்கு வீடு மாறியபோது என் ஜியோமெட்ரி பாக்ஸ் எந்தப் பெட்டியிலும் இல்லை. தேடாத இடமில்லை. அண்ணன் செத்தான் என்று யாரும் சொல்லவில்லை, இருக்கிறான் என்றும் சொல்லவில்லை. அம்மா மாசாமாசம் மூன்று நட்சத்திரம் சொன்னார்.

இரண்டாயிரத்து நாலில் அப்பா போனார். எட்டாம் நாள் நான்தான் கல்வெட்டு பற்றி எடுத்தேன். தம்பி அப்போது கனடாவில். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். "அவருக்குப் புத்தகமோ?" என்றார். "வேண்டாம். பெத்த பிள்ளையின்ர பேரை வெட்டின மனிசனுக்குப் புத்தகம் வேண்டாம்." எனக்கு இருபத்துநாலு வயது. வாயைத் திறந்திருந்தால் போதும். தகப்பனுக்காக ராப்பகலாக எழுதியெழுதி அடித்த மனிதர், தனக்கென்று ஒரு பக்கம்கூட இல்லாமல் போனார். நான் அம்மாவுக்கு அரிசியில் கல் பொறுக்கிக் கொடுத்தேன்.

போன வருஷம் அம்மாவும் போய்விட்டார். இந்தத் தரம் யாரையும் கேட்காமல் நானே எழுதினேன். மயிலாப்பூரில் கம்ப்யூட்டரில் பக்கம் கட்டுகிற கடை. பிள்ளைகள் பெயர்களில் முதலாவதாக அண்ணனைப் போட்டேன். அடுத்தது நான், அடைப்புக்குள் சென்னை. பிறகு தம்பி, அடைப்புக்குள் கனடா. கடையிலிருந்த பெண் திரையைப் பார்த்தபடி கேட்டாள்: "முதல் பேருக்கு எந்த ஊர் மேடம்?"

தெரியாது என்று கையை விரித்தேன்.

"அப்ப பிராக்கெட்டை எடுத்துடட்டுமா?"

"வேண்டாம். இருக்கட்டும்."

புத்தகம் போய்ச் சேர்ந்ததும் தம்பி போன் பண்ணினான். நல்லாய் இருக்கிறது என்றான். கொஞ்சம் தயங்கிவிட்டு, "அக்கா, அண்ணான்ர பேருக்குப் பக்கத்தில அடைப்புக்குள்ள ஒண்டுமில்லை. பிரஸ்காரர் விட்டிட்டினம் போல," என்றான்.

"அவையில பிழை இல்லையடா," என்றேன். பிறகு அந்தத் துண்டுத் தாளிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அச்சகக்காரர் கேட்டது, நான் ஒன்றுமில்லை என்றது, கொடுத்துவிட்டேன் என்று அம்மாவிடம் பொய் சொன்னது.   

"அப்பாவுக்குத் தெரியுமோ?" என்று கேட்டான்.

"தெரியாது."

"அம்மா ஏன் தன்னோட கதைக்கிறேல்லை எண்டு அப்பா ஒருக்கால் என்னட்டைக் கேட்டவர். எனக்கு எட்டு வயசு. எனக்குத் தெரியேல்லை எண்டு சொன்னனான்," என்றான் தம்பி. பிறகு போனை வைத்துவிட்டான்.